தண்ணீரைப் பார்த்த ஏழு பேர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் இருசப்பனின் எழுத்து இருக்கும். பம்பு செட்டு, உரம், பல்பொடி, டாக்கீஸில் மாறிய படம். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் அவன்தான். எழுத்து குண்டு குண்டாக, ஒரு நூல் விலகாமல் நிற்கும். படித்தது மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்தையும் எழுதுவான். என்ன எழுதினோம் என்று தெரியாது. துண்டுச் சீட்டில் இருப்பதைப் பார்த்து எழுதுவான், தப்பு வராது.

எழுத்து வேலை எல்லா நாளும் கிடைக்காது. கிடைக்காத நாளில் சுண்ணாம்பு அடிப்பான். கார்த்திகை மழை விட்டதிலிருந்து பொங்கல் வரைக்கும் முழுக்கச் சுண்ணாம்புதான். கை வெந்து, விரலிடுக்கில் தோல் உரிந்து, புருவமெல்லாம் வெளுத்து வீட்டுக்கு வருவான். ஊரில் அவனுக்குப் பெயர் சுண்ணாம்புக்காரன். இருசப்பன் எங்கே என்று கேட்டால், அது யார் என்று திருப்பிக் கேட்பார்கள்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. உருவம் எழுத வேண்டும். கண், மூக்கு, கை, கால் வைத்து ஒரு ஆளைச் சுவரில் நிறுத்த வேண்டும். அந்த வேலை கடலூரிலிருந்து வருகிற ஆட்களுக்குப் போகும். கோயில் சுவரானாலும் சரி, நாடகத் திரையானாலும் சரி, அவர்கள்தான். அவர்கள் வந்து சாமி எழுதுவதற்கு முன்னால் சுவரை வெளுத்துக் கொடுப்பது இருசப்பன். கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை மனசு கேட்காமல், அம்மன் காலுக்கு மருதாணிச் சிவப்பு மட்டும் நான் வைக்கட்டுமா என்று கேட்டான். சாரத்தின் மேலிருந்த கடலூர்க்காரர் அவனைக் குனிந்து பார்த்துவிட்டு, வாளியைக் கழுவி எடுத்துவரச் சொன்னார்.

அவன் மனைவி ஆண்டாள் கரும்பு வெட்டப் போகிறவள். அரிவாளும் கூர், வாயும் கூர். இவன் ஆசையைக் கேட்டுவிட்டு, “சாமி எழுதறது அப்புறம் இருக்கட்டும், மொதல்ல நம்ம வூட்டுச் செவுத்துல ஒரு பல்லி எழுது, பாக்கலாம்” என்றாள். மறுநாள் அடுப்புக்கரியால் ஒரு பல்லி எழுதி வைத்தான். ஆண்டாள் துடைப்பத்தை எடுத்து அதை ஒரே போடாகப் போட்டாள். நிஜப் பல்லி என்று நினைத்து அடித்தாளா, வேண்டுமென்றே அடித்தாளா என்று கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு காலண்டர் வந்தது.

தெய்வசிகாமணி என்று ஒருவர் பம்பு செட்டுக் கடை வைத்திருந்தார். நிலபுலம் உள்ள குடும்பம், கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவர். அவர் விற்ற இஞ்சின் ஜெர்மனிக்காரனுடையது. அந்தக் கம்பெனியிலிருந்து கனத்த வழவழப்புத் தாளில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படத்தோடு காலண்டர் அனுப்பியிருந்தார்கள். இஞ்சின் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பெண்கள். ஜனவரியில் ஒருத்தி ஆற்றங்கரைப் பாறைமேல் உட்கார்ந்து தலை வாருகிறாள். பிப்ரவரியில் மூன்று பேர் அருவிக்குள் நிற்கிறார்கள். ஒருத்தி மேலும் போதுமான துணி இல்லை. தெய்வசிகாமணிக்கு அதைத் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை, மாட்டவும் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்தார். பிறகு கடை நோட்டீஸைக் கிழித்துப் பசை தடவி, எங்கெங்கே வேண்டுமோ அங்கங்கே ஒட்டி மாட்டிவிட்டார். அந்த வருஷம் முழுக்க ஜெர்மனி அருவியில் குளித்த பெண்கள் மார்பில் ‘ஐந்து குதிரை சக்தி, ஒரு வருட கியாரண்டி’ என்று எழுதிக்கொண்டு நின்றார்கள்.

ஆகஸ்டு மாதத் தாளுக்கு மட்டும் நோட்டீஸ் தேவைப்படவில்லை. அதில் இருந்தவர்கள் கணுக்கால்வரை வெள்ளைத்துணி உடுத்தியிருந்தார்கள். அடர்ந்த காடு, நடுவில் ஒரு சுனை. சுனையைச் சுற்றி ஏழு பெண்கள். ஒருத்தி மண்டியிட்டிருக்கிறாள், ஒருத்தி மானுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், மற்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஏழு பேரும் தலை குனிந்து தண்ணீரைப் பார்க்கிறார்கள். கடைப் பலகைக்கு வர்ணம் பூச வந்த இருசப்பன் அன்று மத்தியானச் சோற்றுக்குப் போகவில்லை.

இஞ்சின் பழுது பார்க்க மெட்ராஸிலிருந்து வருகிற தனசேகரன் என்ற மெக்கானிக்குக்கு இங்கிலீஷ் தெரியும். படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்துச் சொன்னார். இது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட படமாம். அந்த ஊரிலும் ஒரு காலத்தில் சுனைக்குச் சுனை, ஆற்றுக்கு ஆறு பெண்கள் குடியிருக்கிறார்கள் என்று ஜனங்கள் நம்பினார்களாம். ஆலையும் புகையும் பெருகிவிட்ட பிறகு ஓவியர்கள் காட்டுக்குள் போய் அந்தப் பெண்களைத் தேடித்தேடி எழுதினார்களாம்.

“நம்ம கன்னிமாருங்க மாதிரியா?” என்று இருசப்பன் கேட்டான்.

“அதே மாதிரிதான். ஆனா அங்க இப்ப யாரும் கும்புடறதில்ல. சாமி போயிடுச்சி, படம் நின்னுக்கிச்சி.”

“ஏன் எல்லாரும் குனிஞ்சிக்கினே இருக்காங்க?”

தனசேகரன் இன்னொரு தடவை படித்தார். “மனுசன் பாக்கறது அவங்களுக்குத் தெரியாதாம். அவங்கபாட்டுக்கு இருக்கறாங்க. அதான் இதுல அழகாம்.”

இருசப்பனுக்கு அது சரியென்று பட்டது. அவன் அதுவரை பார்த்த சாமி எல்லாம் கண்ணை உருட்டி அவனையே பார்த்தது. இவர்கள் யாரையும் மிரட்டவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் கடை வாசலில் போய் நின்றான். தெய்வசிகாமணி சனியன் ஒழிந்தது என்று காலண்டரைச் சுருட்டி அவன் கையில் கொடுத்து, வீட்டில் மாட்டினால் ஆண்டாளிடம் உதை விழும் என்றும் சொல்லி அனுப்பினார். அவன் ஆகஸ்டை மட்டும் வைத்துக்கொண்டான்.

அதன்பிறகு நாலு வருஷம் அவன் ஒரு காரியம் செய்தான், யாருக்கும் தெரியாது. எந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனாலும், ஆள் இல்லாத நேரம் பார்த்து, பழைய சுவரில் கரியால் அந்த ஏழு பேரையும் எழுதுவான். ஒரு கை சரியாக வராது, ஒரு கழுத்து நீண்டுபோகும். பார்ப்பான், எது தப்பு என்று மனசில் வைத்துக்கொள்வான், அப்புறம் மேலே சுண்ணாம்பை அடித்துவிடுவான். அடுத்த வீட்டில் கழுத்து சரியாகும். கள்ளக்குறிச்சியில் எத்தனையோ வீட்டில் சுண்ணாம்புக்கு அடியில் அந்த ஏழு பேரும் இன்றைக்கும் குனிந்துகொண்டுதான் இருப்பார்கள்.

எழுபத்திரண்டில் மலையிலிருந்து ஆள் வந்தது. கரியாலூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். அங்கே பாறை அடியில் கன்னிமார் சுனை. சுனை ஓரத்தில் ஏழு கல் இருந்தது, அதுதான் கன்னிமார். முந்தின ஐப்பசி மழையில் மேட்டு மண் சரிந்து ஏழு கல்லும் உள்ளே போய்விட்டது. தோண்டிப் பார்த்தும் அகப்படவில்லை. போன கல்லுக்குப் பதில் வேறு கல் வைக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. மறுபடி மண் சரியாமல் இருக்கச் சுனைக்குப் பின்னால் ஒரு சுவர் எழுப்பினார்கள். கடுக்காயும் புளியும் வாங்க மலைக்குப் போய் வருகிற தெய்வசிகாமணிதான் சிமெண்டு கொடுத்தார். அந்தச் சுவரில் கன்னிமாரை எழுதி வைத்துவிடலாம் என்று ஊர் பேசி முடிவு செய்திருந்தது. ஊர்க்கவுண்டர் பொன்னுரங்கம் ஆள் தேடிக் கடைக்கு வந்திருந்தார். கடலூர்க்காரர்கள் மலை ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

இருசப்பன் அப்போது கடைப் பலகைக்கு முன்னால் ஏணிமேல் நின்றிருந்தான். பேச்சு காதில் விழுந்ததும் இறங்கி வந்தான். தெய்வசிகாமணி அவனைப் பார்த்துவிட்டு, இவன் எழுத்து எழுதுவான், சுண்ணாம்பு அடிப்பான், உருவம் பழக்கமில்லை என்று உள்ளதைச் சொன்னார். இருசப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஆகஸ்டைக் கொண்டுவந்து விரித்தான்.

கவுண்டர் விரல் வைத்து எண்ணினார். ஏழு. சுனையும் இருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார்.

“எங்க ஜனம் பாத்துட்டு இது கன்னிமாருதான்னு சொல்லணும். இல்லேன்னா நீயே வெள்ளை அடிச்சிட்டு எறங்கிடு.”

“அடிச்சிடறேங்க” என்றான் இருசப்பன்.

ஆண்டாள் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “போறப்பவே சுண்ணாம்பையும் எடுத்துக்கினு போ” என்றாள். அவன் பெயிண்டு டின்களை மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். இது போய்விட்டால் சாகும்வரை சுண்ணாம்புதான் என்று அவனுக்குத் தெரியும். வயசு நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது சுவரை நம்பி யார் கொடுப்பார்கள்?

கச்சிராயபாளையத்தில் இறங்கி, கோமுகி அணையைத் தாண்டி, அரை நாள் ஏறினான். கவுண்டர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். சாமைச் சோறு, அவரைக் குழம்பு. சுனை இரண்டு எட்டு அகலம்தான் இருக்கும், நீளம் மட்டும் சுவர் நீளத்துக்கு இருந்தது. சுவர் கட்டுவதற்காகத் தண்ணீரை மண் அணை போட்டுத் திருப்பி, கீழே ஒரு குட்டைக்கு விட்டிருந்தார்கள். சுவரின் காலடி காய்ந்து கிடந்தது. நிற்க வசதி.

சுவரெழுத்து எழுதுகிறவன் முறைப்படியே ஆரம்பித்தான். நூலைச் சாயத்தில் தோய்த்துச் சுவரில் இழுத்து அடித்துக் கட்டம் போட்டான். காலண்டர் தாளிலும் பென்சிலால் அத்தனை கட்டம். ஒரு கட்டத்தில் இருப்பதை ஒரு கட்டத்தில் எழுதவேண்டியதுதான். மூன்றாம் நாள் ஏழு பேரும் நின்றுவிட்டார்கள்.

கவுண்டருடைய தங்கை செல்லியம்மாள் தினமும் வந்து பார்த்தாள். ஆடிப் பதினெட்டில் சுனையிலிருந்து முதல் குடம் எடுக்கிற முறை அவளுடையது. அதனால் சுவரில் தனக்கும் பாத்தியதை உண்டு என்று நினைத்தாள். அதை மறைக்கவும் இல்லை.

“இன்னாய்யா இது, எல்லாம் வெள்ளக்காரிங்களா இருக்குது?”

“இது அடி வர்ணம். மேல கலரு வரும்.”

“இது இன்னா மரம்? தொடப்பத்த நட்டு வெச்ச மாதிரி.”

ஜெர்மனிக் காட்டு ஊசியிலை மரத்தை அவன் கட்டம் பிசகாமல் எழுதியிருந்தான். அதைக் கடுக்காய் மரமாக மாற்றினான். மான் கடமான் ஆயிற்று. பெண்களுக்கு மலைப் பெண்களின் நிறம் கொடுத்தான். கொண்டையைப் பக்கவாட்டில் தள்ளிப் போட்டான். சேலைக்கட்டை மட்டும் செல்லியம்மாள் இரண்டு தடவை திருத்தினாள். கவுண்டர் வந்து பார்த்து, கழுத்துப் பாசியை இன்னும் இரண்டு சுற்று ஏற்றச் சொன்னார். ஊர் ஜனம் வேலை முடிந்து வரும்போது நின்று, இது என் சின்னம்மா மாதிரி இருக்கிறது, இது உன் மாமியார் மாதிரி இருக்கிறது என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்தார்கள். இருசப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தான். காது முழுக்கப் பின்னால் இருந்தது. மனசுக்குள், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான்.

ஆடிப் பதினெட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது முடித்துவிட்டேன் என்று சொன்னான். ஊர் கூடியது. கவுண்டர் ஒரு கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஏற்றவில்லை.

“கண்ணு எப்ப தெறப்ப?” என்று கேட்டார்.

“தெறந்துதாங்க இருக்குது. கீழ பாக்கறாங்க.”

“எல்லாம் சரியா இருக்குது. ஏழு பேரும் தூங்கறாங்களே” என்றாள் செல்லியம்மாள்.

“தூங்கல. தண்ணியப் பாக்கறாங்க.”

கவுண்டர் திரும்பினார். அவர் குரலை உயர்த்தவில்லை. “அவங்க தண்ணியப் பாத்துக்கினு இருந்தா எங்கள யாரு பாக்கறது? எங்க பொண்ணுங்களுக்கு நல்லது கெட்டதுன்னா இவங்ககிட்டதான் வந்து நிக்கிறோம். மூஞ்சியப் பாக்காத ஆளுகிட்ட எப்பிடிச் சொல்றது?”

நாலு வருஷமாக அந்தப் படத்தில் இருசப்பனுக்குப் பிடித்ததே அதுதான். மனுசன் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது. ஜெர்மனியில் யாரும் அவர்களிடம் வந்து நிற்கவில்லை, அதனால் அவர்கள் குனிந்திருக்கலாம். இங்கே நாளைக்கே ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்து நிற்பாள். இத்தனை சாமி பார்த்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மூத்தவளுக்கு மட்டும் இமையைச் சுரண்டிவிட்டு நேராகப் பார்க்கிற கண் வைத்தான். தலை குனிந்திருக்கிறது, கண் மட்டும் மேலே ஏறி முறைக்கிறது. மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்தவள் மாதிரி இருந்தது. பார்க்க வந்த சின்னப் பிள்ளை ஒன்று அழுதது. மற்றதெல்லாம் சிரித்தது. துணியில் டர்பன்டைனை நனைத்து அந்தக் கண்ணை அழித்தான். தலையையே நிமிர்த்தி எழுதுவது என்றால் கழுத்து, தோள், கை எல்லாம் மாற வேண்டும். ஏழு பேர். இரண்டு நாள். முடியாது.

மறுநாள் விடிந்ததும், வெள்ளை அடித்துவிட்டு மூட்டை கட்டிவிடலாம் என்று பிரஷ்களைக் கழுவக் கீழ்க் குட்டைக்குப் போனான். எதிர்க்கரையில் செல்லியம்மாள் குனிந்து குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

“அதுல கழுவாத. மாடு குடிக்கிற தண்ணி” என்றாள், தலையைத் தூக்காமல்.

இருசப்பன் பிரஷ்ஷை நீட்டியபடியே நின்றுவிட்டான். எதிரே இருக்கிறவளின் இமை இரண்டும் தாழ்ந்திருந்தன, அவன் சுவரில் எழுதிய மாதிரியே. ஆனால் தண்ணீருக்குள்ளிருந்த செல்லியம்மாள் கண்ணை நன்றாகத் திறந்து அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டிக்கொண்டும் இருந்தாள்.

“இன்னா அப்பிடிப் பாக்கற?” என்றாள் தண்ணீரிலிருந்தே.

அவன் மேலே ஓடினான். அவன் எழுதிய சுனை சுவரின் அடியில் இரண்டு சாண் உயரத்துக்கு வெறும் நீலமாகக் கிடந்தது. அங்கே ஒவ்வொருத்திக்கும் நேர் கீழே, தண்ணீரில் தெரிகிற முகத்தை எழுத ஆரம்பித்தான். நிழல் என்றால் தலைகீழாகத்தானே தெரியும். அப்படியே எழுதினான். சாக்கை விரித்து, சுவரை ஒட்டித் தலைவைத்து மல்லாக்கப் படுத்துக்கொண்டு எழுதினான். பார்த்து எழுத இதற்கு அச்சுப் படம் இல்லை. நூலும் கட்டமும் இல்லை. பார்த்து எழுதாமல் அவன் எழுதிய முதல் முகம் அதுதான். கண் திறக்கிற வேலை என்பதால் அன்றும் மறுநாளும் சோறு தொடவில்லை. ஏழாவது முகத்தின் இரண்டாவது கண்ணுக்குக் கருமணியை மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வைத்தான்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் கவுண்டர் வந்து பார்த்தார். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“இன்னாய்யா இது? ஏழும் வவ்வாலு மாதிரி தொங்குது.”

“தண்ணியில தெரியிற நெழலுங்க. கண்ணு தெறந்திருக்குது பாருங்க.”

“தலைகீழா இருக்கிற சாமிய நான் கேள்விப்பட்டதில்ல. பாக்கிறவன் தலைகீழா நின்னாத்தான் உண்டு.” பிறகு, “நீ மோசக்காரன் இல்ல, அது தெரியுது. ஆனா இது வேணாம். பேசினபடி வெள்ளை அடிச்சிடு” என்றார்.

பேசின பேச்சுதான். இருசப்பன் கவுண்டர் வீட்டிலிருந்து சுண்ணாம்புக் கல்லை வாங்கித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். கல் வெந்து, கொதித்து, ஆவி அடித்தது. எப்போது முடியும் என்று கவுண்டர் கேட்டனுப்பினார்.

“இப்ப பொங்குது. அடங்கணும். காலையில அடிக்கிறேன்னு சொல்லு.”

பொய் இல்லை. சுண்ணாம்பு ஒரு ராத்திரி ஊறினால்தான் பிடிக்கும். ஆனால் அவசரம் என்றால் சாயங்காலமே வடிகட்டி அடித்திருக்கலாம், இன்னொரு பூச்சு கூடுதலாகும், அவ்வளவுதான். இருபது வருஷம் அந்த வேலை செய்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். அவன் சொல்லவில்லை. அந்த ஏழு பேரும் இன்னொரு ராத்திரி இருக்கட்டும் என்று நினைத்தான்.

காலையில் சுண்ணாம்பு வாளியும் அடிக்கிற மட்டையுமாக அவன் போனபோது சுனை நிறைந்துகொண்டிருந்தது. செல்லியம்மாள் பொழுது ஏறுகிறது என்று மண்வெட்டி எடுத்து அணையை வெட்டிவிட்டிருந்தாள். பின்னால் ஊர்ப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். கவுண்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், வெள்ளை அடிக்கிறதற்கு முன்னால் யார் தண்ணீர் விடச் சொன்னது என்று. செல்லியம்மாள் அசரவில்லை. முதல் குடத்துக்கு நேரம் உண்டு, வெள்ளைக்கு நேரம் இல்லை, இவன் அப்புறம் இறங்கி அடித்துக்கொள்ளட்டும் என்றாள். தண்ணீர், எழுதிய முகங்களுக்குக் கீழே சுவரைத் தொட்டு நின்றது. கலங்கல் மெல்ல அடியில் படிந்தது.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தாள். குடம் தண்ணீரில் இறங்கவில்லை. கையில் அப்படியே நின்றது. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். கவுண்டர் என்ன என்று கேட்டார்.

“அண்ணே, இங்க வா.”

“இன்னா?”

“பேசாத. வந்து குனி.”

கவுண்டர் வேட்டியை மடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் மண்டி போட்டார். குனிந்தார். சுவரில் தலைகீழாக இருந்த முகங்கள் தண்ணீரில் விழுந்து நேராக நின்றன. ஏழு முகம், கண் திறந்து, தண்ணீருக்குள்ளிருந்து, குனிந்தவரைப் பார்த்தன. ஓடைத் தண்ணீர் வந்து விழுகிற அதிர்வில் இமைகள் லேசாக அசைந்தன. மேலே சுவரில் இருந்த ஏழு பேரும் தலை குனிந்து அதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கவுண்டர் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. எழுந்தவர் நேராக இருசப்பனிடம் வந்தார்.

“இப்பிடி வரும்னு ஒனக்குத் தெரியுமா?”

தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷத்தில் நம்பியிருப்பார்கள். தோளில் தூக்கிக்கொண்டு கூடப் போயிருப்பார்கள்.

“தெரியாதுங்க. நெழலுதான் எழுதினேன். தண்ணி வந்து நிமித்தும்னு தோணல.”

“அப்ப நீ எழுதினது பாதி, அவங்க எழுதினது பாதி” என்றார் கவுண்டர். மடியிலிருந்த கற்பூரத்தை எடுத்துக் கல்லின் மேல் வைத்து ஏற்றினார். பிறகு வாளியைப் பார்த்தார். “அந்தச் சுண்ணாம்ப கொண்டாந்து எங்க வூட்டுக்கு அடிச்சிடு. வீணாப் போவக் கூடாது.”

அன்று முழுக்க ஜனம் சுனையைச் சுற்றி வரிசையாக மண்டியிட்டது. குனியாதவனுக்குக் கன்னிமார் முகம் தெரியாது என்பது மத்தியானத்துக்குள் ஊர் வழக்கமாகிவிட்டது. எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான் என்பது போலப் பேசினார்கள். இருசப்பன் அதையெல்லாம் பார்க்கவில்லை. கவுண்டர் வீட்டுச் சுவரில் மட்டையை இழுத்துக்கொண்டிருந்தான். செல்லியம்மாள் ஒரு சொம்பில் சுனைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, “படம் எழுதறவரே, எறங்கி வந்து குடி” என்றாள். இரண்டு நாள் பட்டினி கிடந்தவன் அந்தத் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, மறுபடியும் மட்டையை எடுத்தான்.

ஆவணியில் பக்கத்து மலையூரிலிருந்து ஆள் வந்தது. தை பிறந்ததும் உளுந்தூர்பேட்டை லாரி பட்டறையில், வண்டியின் பின்பலகைக்கு அருவியும் பெண்ணும் எழுதக் கூப்பிட்டார்கள். கடலூர்க்காரர் ஒருவர் சுனைப் படத்தைக் கேள்விப்பட்டு ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன் கோயில் வேலையில் ஒரு சுவரை அவனுக்குக் கொடுத்தார். இருசப்பன் சுண்ணாம்பை விடவில்லை. கார்த்திகை கழிந்தால் அடிக்கத்தான் செய்தான். ஆனால் அடிப்பதற்கு முன்னால் கரியால் எழுதிப் பார்க்கிற பழக்கம் நின்றுவிட்டது. அவசியப்படவில்லை.

ஊரில் ஆட்கள் அவனைக் கெட்டிக்காரன் என்று புகழும்போது, தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரிடமும் மெனக்கெட்டுச் சொல்வான். ஆண்டாள் அதற்கும் திட்டுவாள், வருகிற பேரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிற மனுசன் என்று.

அடுத்த ஆடியில் அவளையும் மலைக்கு அழைத்துப் போனான். ஏறும் வழியெல்லாம் கால் வலிக்கிறது என்றாள், இந்த ஊருக்குப் பஸ் விட ஒருத்தனுக்கும் துப்பில்லையா என்றாள், ஒரு பல்லியைக்கூட உருப்படியாக எழுதத் தெரியாதவனை நம்பி வந்தேனே என்றாள். சுனைக்கு வந்ததும் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு செல்லியம்மாள் காட்டிய இடத்தில் மண்டியிட்டுக் குனிந்தாள்.

இருசப்பன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கவுண்டர் வெள்ளை அடிக்கச் சொன்னபோதுகூட இவ்வளவு பயம் இல்லை.

ஆண்டாள் தண்ணீருக்கு மேலே விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

“ஏழு பேருன்னு சொன்ன” என்றாள். “எட்டு பேரு இருக்காங்க.”

“எட்டாவது யாரு?”

ஆண்டாள் தலையைத் தூக்கவில்லை. கலைந்திருந்த முன்மயிரைத் தண்ணீரைப் பார்த்தபடியே காதோரம் ஒதுக்கிக்கொண்டாள்.